ஆய்வுக் குறிப்புகளைப் பேணுதலும் பகிர்தலும்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, ஏட்டில் குறித்துக்கொள்ளாத மாணவர் இலர். விடை சரியாக வந்து ஆசிரியரும் கையொப்பம் இட்டுவிட்டால் அந்த ஏட்டின் பணி முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆண்டின் இறுதியில் அது பழைய தாள் வாங்குகிறவரின் தராசில் ஏறிவிடுகிறது. அதனால் உலகுக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. ஊசல் நேற்று ஆடியவாறே இன்றும் ஆடும், நாளையும் ஆடும். வேண்டும்போது மீண்டும் அளந்துகொள்ளலாம்.

ஆனால் அளக்கப்படுவது ஊசலாக இல்லாமல் மனிதனாக இருந்தால் என்ன ஆகும்? நேற்று வந்தவர் இன்று வரமாட்டார். வந்தாலும் நேற்றைய மனிதராக அவர் இருக்கமாட்டார். ஒருமுறை பழகிவிட்ட கையை மீண்டும் பழகாத கையாக ஆக்க இயலாது. மேலும், ஊசல் நம்மைக் கேள்வி கேட்பதில்லை, மனிதர் கேட்பார்.

அத்தகைய கேள்வி ஒன்றை நான் எதிர்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், வங்கிகளில் பணம் வழங்கும் இயந்திரத்தின் திரையை எவ்வாறு அமைத்தால் முதியோருக்கு எளிதாக இருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆய்வில் பங்குகொள்ள வந்தார். திரையைத் தொடும் அவர் விரல்களை ஒளிப்படக் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. மூன்றாம் முறையும் தவறான இடத்தைத் தொட்டுவிட்ட அவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்தப் படத்தை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சி செய்யும் நாங்கள் மட்டுமே பார்ப்போம், ஐயா" என்று விடை கூறினேன். அவர் தலையசைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் கேள்வியையும் என் விடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவ்விடத்துக்கே திரும்பி வருவோம்.

மனிதரும் கணினியும் ஒன்றோடொன்று எவ்வாறு பழகுகின்றனர் என்பதை ஆராயும் துறைக்கு 'மனிதர்–கணினி இடைவினை இயல்' என்று பெயர். கைப்பேசியில் ஒரு பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், கண் முதலில் திரையின் எப்பகுதியை நாடுகிறது, பார்வையற்றவர் ஒரு பக்கத்தை எவ்வாறு 'படிக்கிறார்' என்பன போன்ற வினாக்களுக்கு அது விடை தேடுகிறது. அதன் ஆய்வாளர்கள் திரட்டும் குறிப்புகளும் பலவகை. விசையை அழுத்திய நேரம், தவறுகளின் எண்ணிக்கை, கண்ணின் அசைவு, பேட்டியில் சொன்ன சொற்கள், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு எல்லாம் அவற்றில் அடங்கும். இவற்றையே 'தரவு' என்று இன்று வழங்குகிறோம். தரவைப் பேணுவது எதற்காக, பேணுவது எவ்வாறு, பிறருக்கு வழங்குவதில் எல்லை எது என்னும் மூன்று கேள்விகளையே இங்கு ஆராய முற்படுகிறேன்.

பேணுவதன் பயனைக் காட்ட ஒரு வரலாறு போதும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் ஃபிட்ஸ் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். அவர் 1954-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். சோதனை மிக எளியது. மேசைமேல் இரண்டு உலோகத் தகடுகள். சோதனைக்கு வந்தவர் கையில் ஓர் எழுத்தாணி. அதனால் இரு தகடுகளையும் மாறி மாறி, இயன்ற அளவு விரைவாகத் தட்டவேண்டும். தகட்டின் அகலத்தைக் கால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரை நான்கு வகையாகவும், இடைத்தூரத்தை 2 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை நான்கு வகையாகவும் அவர் மாற்றினார். எனவே 16 நிலைகள். இலக்கு சிறுத்தாலும் தூரம் பெருத்தாலும் கை தாமதிக்கிறது என்பது நமக்கும் தெரியும். எவ்வளவு தாமதிக்கிறது என்பதை ஒரு கணித விதியாக எழுதியதே அவர் பெருமை.

அப்போது கணினித் திரை பரவலாக இல்லை. அதில் சுட்டுவதற்குச் 'சுட்டி'யும் இல்லை. எனினும் 1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டும் அவருடைய தோழர்களும் சுட்டியையும் வேறு மூன்று கருவிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கையாளும் நேரத்தை விளக்க ஃபிட்ஸின் விதியே துணை நின்றது. சுட்டியே விரைவானது என்றும் அவர்கள் கண்டனர். இன்று நம் மேசைமேல் கிடக்கும் அச்சிறு கருவியின் வெற்றியில் அந்தத் தகட்டுச் சோதனைக்கும் ஒரு பங்கு உண்டு.

நான் சொல்லவந்த செய்தி இதற்கும் அப்பாற்பட்டது. ஃபிட்ஸ் தம் விதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. 16 நிலைகளிலும் ஆன சராசரி நேரத்தையும், நூற்றுக்கு எத்தனை முறை இலக்குத் தவறியது என்பதையும் அட்டவணையாகக் கட்டுரையிலேயே அச்சிட்டார். 1965-இல் அவர் மறைந்தார். பின்னர், 1989-இல், ஸ்காட் மெக்கென்சி என்ற கனடா நாட்டு அறிஞர் அந்த அட்டவணையை எடுத்து, விதியின் வாய்பாட்டைச் சற்றே மாற்றினால் அதே எண்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டினார். இன்று இத்துறையில் பெரிதும் ஆளப்படுவது அவர் திருத்திய வடிவமே. எண்ணிப் பாருங்கள்! 35 ஆண்டுகளுக்கு முன் தட்டிய கைகள், அவற்றைத் தட்டச் செய்தவர் மறைந்த பின்னரும் புதியதோர் உண்மைக்குச் சான்று கூறின. விதியை மட்டும் அச்சிட்டு எண்களை விட்டிருந்தால், அதைத் திருத்துவதற்கு வழியே இருந்திராது.

ஆயினும் ஒரு குறையும் உண்டு. அட்டவணையில் உள்ளவை சராசரிகளே. ஒவ்வொருவரும் தனித்தனியே எவ்வாறு தட்டினர், களைப்பினால் எவர் கை தளர்ந்தது என்று கேட்டால் அது விடை சொல்லாது. நமக்கோ தாளும் இடமும் தட்டுப்பாடில்லை. கோடிக்கணக்கான பதிவுகளைச் சிறு நினைவுத் தகட்டில் அடக்கிவிடுகிறோம். வசதி இவ்வளவு பெருகிய பின்னும் நம் தரவுகள் ஃபிட்ஸின் அட்டவணையைப் போல 35 ஆண்டுகள் வாழ்கின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை. உயிரியல் துறையில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழமையான 516 கட்டுரைகளை எடுத்து, அவற்றின் ஆசிரியர்களிடம் மூலத்தரவைக் கேட்டார்கள். கட்டுரைக்கு வயது ஓர் ஆண்டு கூடும்தோறும் தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்துகொண்டே சென்றது. முகவரி மாறிவிடுகிறது, சேமித்த கருவி பழுதாகிறது, அல்லது அதைப் படிக்கும் பொறியே வழக்கொழிந்துவிடுகிறது.

பிறரைக் குறை கூறுவானேன்? என் பிழையையே சொல்கிறேன். அந்தப் பெரியவர் பங்குகொண்ட ஆய்வு முடிந்து ஐந்து ஆண்டுகள் சென்றபின், வேறோர் ஊரில் ஆராய்ச்சி செய்துவந்த மாணவி ஒருத்தி எனக்கு எழுதினாள். கை நடுக்கம் உள்ள முதியோருக்கான திரை அமைப்பை அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். என் ஆய்வில் திரட்டிய நேர அளவுகளைத் தந்தால், தான் மீண்டும் அத்தனை முதியவர்களைத் துன்புறுத்தவேண்டாம் என்று கேட்டிருந்தாள். நியாயமான வேண்டுகோள். மகிழ்ச்சியோடு பழைய கோப்பைத் திறந்தேன்.

எண்கள் இருந்தன, பொருள் இல்லை! ஒரு நிரலின் தலைப்பு 'கை' என்றிருந்தது. அதன்கீழ் 1 என்றும் 2 என்றும் வரிசையாக இருந்தன. 1 என்பது வலக்கையா, இடக்கையா? நினைவில்லை. மற்றொரு நிரலில் 'நேரம்' என்றிருந்தது. நொடியா, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கா? ஊகிக்க முடிந்ததே தவிர உறுதி சொல்ல முடியவில்லை. இடையிடையே 9999 என்ற எண் தென்பட்டது. கருவி பதிவு செய்யத் தவறிய இடங்களுக்கு அடையாளமாக நானே இட்ட எண் அது. அதை உண்மையான நேரம் என்று கொண்டு சராசரி எடுப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? இவை போதாவென்று, 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்னும் பெயர்களில் மூன்று கோப்புகள் இருந்தன. எதிலிருந்து என் கட்டுரை பிறந்தது என்பதை நானே அறியேன். "தர இயலவில்லை" என்று அம்மாணவிக்கு எழுதினேன். அவள் முதியவர்களைத் தேடி மீண்டும் அலைந்தாள். பெரியவர் எனக்காகச் செலவிட்ட முற்பகல் பொழுதின் பயனில் ஒரு பாதி, என் சோம்பலால் வீணாயிற்று.

இதிலிருந்து நான் கற்றவை சில. மூலத்தரவை ஒருபோதும் திருத்தக்கூடாது; திருத்தம் வேண்டுமானால் படி எடுத்து அதில் செய்து, என்ன செய்தோம் என்பதையும் எழுதிவைக்கவேண்டும். ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் விளக்கக் குறிப்பு ஒன்று இருக்கவேண்டும். நிரல்களின் பொருள், அளவின் அலகு, விடுபட்ட இடத்தின் அடையாளம், எந்தக் கருவியால், எந்த நாளில், யாரைக் கொண்டு அளந்தோம் என்பன அதில் இடம்பெறவேண்டும். கணக்குகளைச் செய்த நிரலையும் உடன் வைக்கவேண்டும். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் பூட்டிவைக்காமல், வெவ்வேறு இடங்களில் படிகள் இருக்கவேண்டும். இக்குறிப்பை ஆய்வு முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது, அறுவடை முடிந்தபின் வேலி போட நினைப்பதற்கு ஒப்பாகும். தொடங்கும் நாளிலேயே திட்டம் வகுத்துக்கொள்ளவேண்டும்.

2016-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி நான்கு நெறிகளை வெளியிட்டனர். தரவு தேடினால் கிடைப்பதாய் இருக்கவேண்டும். உரிய முறையில் அணுகத்தக்கதாய் இருக்கவேண்டும். பிற தரவுகளோடும் கருவிகளோடும் இணையத்தக்கதாய் இருக்கவேண்டும். மீண்டும் பயன்படுத்தத்தக்கதாய் இருக்கவேண்டும். இதற்கென்றே பொதுக் களஞ்சியங்களும் உள்ளன. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் 'ஸெனோடோ' அவற்றில் ஒன்று. அங்கே வைக்கும் தொகுதி ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் ஒன்று வழங்கப்படுகிறது. ஆய்வாளர் வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அவ்வெண்ணைக் கொண்டு தரவைத் தேடி அடையலாம்.

'இணையத்தக்கது' என்னும் நெறியை விளக்க நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எழுதுகோலால் திரைமேல் எழுதும் தமிழைக் கணினி படித்தறிய வேண்டுமானால், பலர் எழுதிய மாதிரிகள் தேவை. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகத்தார் பெங்களூரிலும் சேலத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளிச் சிறுவர், பட்டதாரிகள், பிற பெரியவர்கள் ஆகியோரை எழுதச் செய்து மாதிரிகளைத் திரட்டினர். நம் எழுத்துகள் 247 என்றாலும், துணைக்கால், கொம்பு போன்ற குறிகளைத் தனியே கொண்டால் குறைந்த வடிவங்களே போதும். அவ்வாறு 156 வடிவங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 மாதிரிகள். எழுதுகோல் எங்கே தொட்டது, எவ்வழியே சென்றது, எங்கே எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் 'யுனிபென்' என்னும் பொது முறையில் பதிந்து ஆய்வுலகுக்கு வழங்கினார்கள். அதனைக் கொண்டு 2006-இல் தமிழ் எழுத்தறிதலுக்கு ஒரு போட்டியே நடந்தது. எல்லோரும் ஒரே மாதிரிகளை வைத்துப் போட்டியிட்டதால்தான் யாருடைய முறை சிறந்தது என்று நேர்மையாக ஒப்பிட முடிந்தது. தத்தம் வீட்டுப் படிகளால் நெல்லை அளந்தால் எவர் வயல் அதிகம் விளைந்தது என்று எப்படிச் சொல்வது?

பெருந்தரவின் பயனுக்கு இன்னொரு சான்று. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 1,68,000 தன்னார்வலர்கள் விசைப்பலகையில் தட்டிய 13 கோடியே 60 லட்சம் தட்டுகள் பதிவாயின. சராசரி வேகம் நிமிடத்திற்கு 52 சொற்கள். விரைந்து தட்டுவோர் ஒரு விசையிலிருந்து விரலை எடுக்குமுன்பே அடுத்ததை அழுத்திவிடுகின்றனர் என்ற செய்தியும் தெரியவந்தது. அத்தரவைப் பிற ஆய்வாளரும் பயன்படுத்தும்படி அவர்கள் வெளியிட்டனர்.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, "அப்படியானால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதே அறம்" என்று நீங்கள் முடிவு கட்டிவிடக்கூடாது. இங்கேதான் பெரியவரின் கேள்வி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தோடு, ஏறக்குறைய 6,50,000 பேர் மூன்று மாத காலத்தில் இணையத்தில் தேடிய 2 கோடித் தேடற்சொற்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டிருந்தனர். பெயர் இல்லையே, பிறகென்ன அச்சம் என்று நினைத்தார்கள் போலும். ஆனால் மனிதர் தேடும் சொற்களே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. தம் ஊரில் உள்ள கடை, தம் குடும்பப் பெயர் உடைய உறவினர், தம் உடல் உபாதை, இவற்றையே ஒருவர் தேடுகிறார். சில நாட்களுக்குள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய முதிய பெண்மணியின் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிட்டனர்! நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் படிகள் பல இடங்களுக்குப் பரவிவிட்டன. சிந்திய பாலை அள்ள முடியுமா?

அதே ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், திரைப்படங்களுக்கு ஏறத்தாழ 4,80,000 பேர் அளித்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டு ஒரு போட்டி நடத்தியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாராயணன், ஷ்மாட்டிகோவ் என்ற இருவர் அதனை ஆராய்ந்து, ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களும் அவற்றை மதிப்பிட்ட நாட்களும் ஏறக்குறையத் தெரிந்தால் போதும். அவற்றுள் இரண்டு முற்றிலும் தவறாக இருந்தாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2008-இல் காட்டினர். 2010-இல் நிறுவனம் தன் இரண்டாம் போட்டியைக் கைவிட்டது.

படம் பார்ப்பதும் வேண்டா. தலையை அசைத்தாலே போதும் என்ற நிலை இன்று வந்துவிட்டது. கண்ணை மூடிய கவசத்துக்குள் மாய உலகைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதை அணிந்த 511 பேரின் தலையும் கையும் அசைந்த விதத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒருவருக்கு ஐந்து நிமிடத்திற்கும் குறைந்த பதிவைக் கொண்டே 95 விழுக்காடு சரியாக இன்னார் என்று கணினியால் சொல்ல முடிந்தது என 2020-இல் வெளியிட்டனர். மனிதர்–கணினி இடைவினை இயல் திரட்டும் தரவு இத்தன்மையது. பெயரை அழித்தாலும் நடை அழியாது.

அப்படியானால் பூட்டிவைப்பதா, திறந்துவிடுவதா? இரண்டுமே அன்று. இடையில் பல படிகள் உள்ளன. தட்டிய நேரம், தவறின் எண்ணிக்கை போன்றவற்றை, வயதையும் ஊரையும் துல்லியமாகக் குறிக்காமல் பொதுவில் வைக்கலாம். பேட்டியின் எழுத்து வடிவத்தை, அடையாளம் காட்டும் செய்திகளை நீக்கி, உறுதிமொழி எழுதித் தரும் ஆய்வாளருக்கு மட்டும் வழங்கலாம். முகமும் குரலும் உள்ள பதிவுகளைப் பெரும்பாலும் வெளியே விடாமல் காப்பதே தக்கது. குறித்த காலத்தில் அழித்துவிடுவதும் பேணும் முறையின் ஒரு பகுதியே. தரவைத் தர இயலாவிட்டாலும், கேட்ட கேள்விகளையும் சோதனை முறையையும் கணக்கு நிரலையும் தருவதற்குத் தடை ஏதுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பகிர்வதற்கான இசைவைத் தரவு திரட்டும்போதே கேட்டுப் பெறவேண்டும். கணினி இடைவினை மாநாடு ஒன்றில் கட்டுரை வழங்கியவர்களிடம் எடுத்து 2020-இல் வெளியான ஆய்வு, மூலத்தரவைப் பகிர்வோர் இன்னும் சிலரே என்று காட்டியது. அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று, பங்குகொண்டோரிடம் அதற்கு அனுமதி பெறவில்லை என்பது. கேட்டிருந்தால் பலர் மகிழ்ந்து தந்திருப்பர். கேளாதபின் நாமாக எடுத்துக்கொள்ள உரிமை இல்லை.

இனிப் பெரியவரிடம் திரும்புவோம். ஆய்வு முடிந்து சில மாதங்களுக்குப் பின், ஒரு கண்காட்சியில் காட்டுவதற்காக அவருடைய ஒளிப்பதிவை நண்பர் ஒருவர் கேட்டார். "முகம் தெரியாது, விரல்கள்தாமே!" என்றார். நான் கொடுக்கவில்லை. "நாங்கள் மட்டுமே பார்ப்போம்" என்று சொன்ன சொல் குறுக்கே நின்றது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் அவர் விரல்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை, பெயரும் முகமும் இல்லாத வெறும் எண்களை, அந்த மாணவிக்குக் கொடுத்திருக்கலாம். 'பிற ஆய்வாளருக்கு இவற்றைத் தரலாமா, ஐயா?' என்று அன்றே கேட்டிருந்தால், தம்மைப்போல் திணறும் மற்றொருவருக்கு உதவும் என்று அவர் இசைந்திருப்பார் என்றே நம்புகிறேன். நான் கேட்கவும் இல்லை. எண்களின் பொருளை எழுதிவைக்கவும் இல்லை. காக்கவேண்டியதைக் காத்தேன், கொடுக்கவேண்டியதைக் கொடுக்கத் தவறினேன். இரண்டும் சேர்ந்தால்தான் கடமை நிறைவுறும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். அதற்கான பழக்கத்தை இன்றே தொடங்கலாம். அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் எண் ஒன்றை எழுதும்போது அதன் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். தவறாக வந்த அளவை அழிப்பான் கொண்டு அழித்துவிடாமல், ஒரு கோடு கிழித்துக் காரணத்தைக் குறியுங்கள். உங்கள் ஏட்டை முன்பின் அறியாத ஒருவர் பத்தாண்டு கழித்துப் பிரித்தாலும் புரிந்துகொள்வாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வுக்கு மனிதர் எவரேனும் உதவ வந்தால், அவர் கேட்பதற்கு முன்பே, இதை யார் யார் பார்ப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.